முப்பத்தைந்தாயிரத்துக்கு ஒரு கார்

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. தாத்தா காலத்தில் தங்கச் சுரங்க வேலைக்கு வந்தவர்கள். 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். மக்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

அந்த ஊரில் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தையல்காரர். அவருடைய அப்பா சுரங்கத்தில் பாறை உடைத்தவர். பாறைத் தூசு நுரையீரலில் தங்கிவிட்டது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். மாதம் இரண்டு முறை கோலாரில் டாக்டரிடம் காட்ட வேண்டும். சுமார் 30 கிலோமீட்டர். பஸ் இருக்கிறது. ஆனால் பெரியவரால் பஸ் படி ஏற முடியாது. ஆட்டோவில் போய்வர 900 ரூபாய் ஆகிறது.

2025-இல் ஒரு மழை இரவு. பெரியவருக்கு மூச்சு திணறியது. ஒரு ஆட்டோவும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் மோட்டார் சைக்கிளில் அவரை நடுவில் உட்கார வைத்து, மகன் பின்னால் பிடித்துக்கொண்டு போனார். இருவரும் நனைந்தார்கள். அன்றுதான் மகனுக்குத் தோன்றியது. நம்மிடம் ஒரு கார் இருந்தால்!

வீட்டில் 60,000 ரூபாய் சேமிப்பு இருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு மளிகைக் கடைக்காரர் பழைய கார் ஒன்றை விற்பதாகச் சொன்னார்கள். மாருதி 800. விலை 35,000 ரூபாய்.

மாருதி 800 எல்லோருக்கும் தெரிந்த சின்ன கார். 1983-இல் வந்தது. 2014-இல் தயாரிப்பு நின்றது. மூன்று சிலிண்டர் இன்ஜின். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அதன் வேலை தெரியும். உதிரி பாகமும் கிடைக்கும். பழைய கார் வாங்குகிறவர்கள் அதைத் தேடுவதற்கு இதுதான் காரணம்.

கடைக்காரர் மறைக்கவில்லை. "கொஞ்சம் புகை வரும் தம்பி. ரிங் மாத்தணும். சின்ன வேலைதான்" என்றார்.

சின்ன வேலை என்றால் அவரே செய்துவிட்டு, கூடுதல் விலைக்கு விற்றிருக்கலாமே? ஏன் செய்யவில்லை? இந்தக் கேள்வியைத் தையல்காரரின் மனைவிதான் கேட்டார். "என்னங்க, முதல்ல ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. அவருக்குக் கொடுக்கிற ஐந்நூறு நஷ்டமில்லை" என்றார்.

மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். முதலில் அவர் சாவியைக் கேட்கவில்லை. பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது.

"என்ன சார், காலையிலேயே ஓட்டினீங்களா?"

"சும்மா ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்."

"அப்ப நாளைக்கு வர்றோம் சார். வண்டி ஆறி இருக்கட்டும்."

ஏன் இப்படிச் செய்தார்? ஆறின இன்ஜினில்தான் நோய் தெரியும். ஸ்டார்ட் ஆக எத்தனை நேரம் பிடிக்கிறது, முதல் புகை என்ன நிறம், கடகட சத்தம் வருகிறதா, எல்லாம் முதல் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். சூடான பிறகு பல குறைகள் ஒளிந்துகொள்ளும். சிலர் புகையும் சத்தமும் குறைய, கெட்டியான ஆயிலை ஊற்றி வைப்பதும் உண்டு.

மறுநாள் காலை இன்ஜின் சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்தார்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தது.

புகையின் நிறத்தைப் பார்க்கத் தெரிந்தால் பாதி விஷயம் தெரிந்த மாதிரி. கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. அது பெரும்பாலும் சிறு செலவில் தீரும். காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும் கறுப்பாக வரும். வெள்ளைப் புகை இரண்டு வகை. காலையில் கொஞ்ச நேரம் வந்து மறைந்தால் அது நீராவி. பயம் இல்லை. சூடான பிறகும் மண்டிக்கொண்டு வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் இன்ஜினுக்குள் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது ஆயில் மூடியைத் திறந்து பார்க்கலாம். உள்ளே பால் காப்பி மாதிரி கலங்கி இருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்திருக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எரியக் கூடாத இடத்தில் எரிகிறது.

மெக்கானிக் தையல்காரரைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, சைக்கிள் பம்ப் பார்த்திருக்கீங்களா?"

"ஏன் பார்க்காம, அண்ணே."

"உள்ளே தோல் வாஷர் இருக்கும். தேஞ்சு போனா என்ன ஆகும்?"

"அடிச்சு அடிச்சு கைதான் வலிக்கும். காத்து ஏறாது."

"அதேதான் இங்கேயும்."

இன்ஜின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும். பிஸ்டன் மேலே வந்து அதை அழுத்தும். பிளக் தீப்பொறி விடும். வெடிக்கும். அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படும். சக்கரம் சுற்றுவது இந்தத் தள்ளலால்தான். பிஸ்டனைச் சுற்றி இரும்பு வளையங்கள் இருக்கின்றன. அவைதான் ரிங். பம்ப் வாஷர் மாதிரி அவை சிலிண்டரை ஒட்டி உரச வேண்டும். தேய்ந்தால் இரண்டு கெடுதல். அழுத்தம் கீழே கசியும். வண்டிக்கு இழுவை குறையும். கீழே உள்ள ஆயில் மேலே ஏறும். எரிந்து நீலமாகப் புகையும்.

மெக்கானிக் மூன்று பிளக்கையும் கழற்றினார். ஒவ்வொரு துளையிலும் அழுத்தம் அளக்கும் மீட்டரை மாட்டினார். முதல் சிலிண்டர் 160 காட்டியது. இரண்டாவது 155. மூன்றாவது 95. பிறகு மூன்றாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி அளந்தார். இப்போது 130.

ஆயில் ஊற்றினால் ஏன் ஏறுகிறது? தேய்ந்த இடைவெளியை ஆயில் கொஞ்ச நேரம் அடைக்கிறது. அப்படியானால் கோளாறு ரிங்கில் அல்லது சிலிண்டர் சுவரில் இருக்கிறது. ஏறாமல் இருந்திருந்தால் கோளாறு மேலே, வால்வில் அல்லது கேஸ்கெட்டில் இருக்கலாம். கால் மணி நேரச் சோதனைதான். இதைச் செய்யாமல் இன்ஜின் வேலை உள்ள வண்டிக்கு முன்பணம் கொடுக்கவே கூடாது.

"ரிங் மட்டும் மாத்தினா போதுமா அண்ணே?"

"சுவர் தேஞ்சிருந்தா போதாது. போர் பண்ணணும். பெரிய பிஸ்டன் போடணும். பிரிச்சுப் பார்த்தாதான் தெரியும். இருபத்தெட்டு ஆகலாம், முப்பத்தஞ்சும் ஆகலாம். ஆயிரத்துல சொல்றேன்."

பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்பதுதான் இன்ஜின் வேலையில் பெரிய சங்கடம். பிரித்த பிறகு பாதியில் நிறுத்த முடியாது. பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். செலவு குறையலாம். ஆனால் இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில் இருக்கிறது. இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி பெற்று, புது நம்பரைப் பதிய வேண்டும். அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீதும் வேண்டும்.

மெக்கானிக் அடுத்து மிதியடிகளைத் தூக்கினார். கதவுக்குக் கீழே தகரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். துரு இல்லை. "பாடி நல்லா இருக்கு" என்றார். இது சாதாரண விஷயம் இல்லை. இன்ஜினை எப்படியும் சரி செய்யலாம். தரை துருப்பிடித்த காரில் பணம் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

இனி காகிதம். ஆர்.சி.யை மனைவி வாங்கிப் படித்தார். எழுத்துக் கூட்டி, நிதானமாகப் படித்தார். பதிவான தேதி 2010 மார்ச். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம் செல்லும். அப்படியானால் 2025 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது! கடைக்காரர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. உண்மையில் அவருக்கே நினைவில்லை.

பதிவு முடிந்த காரை ரோட்டில் ஓட்டுவது சட்டப்படி தவறு. புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். புகைச் சோதனையில் தேற வேண்டும். நீலப் புகை விடும் வண்டியை எப்படிக் காட்டுவது? ஆகவே முதலில் இன்ஜின் வேலை, பிறகுதான் பதிவு. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. தாமதித்த மாதங்களுக்குக் கூடுதல் கட்டணம், பசுமை வரி எல்லாம் தனி. புதுப்பித்தால் ஐந்து வருடம் ஓட்டலாம்.

வண்டியின் பேரில் வங்கிக் கடன் இருந்தால் அதுவும் ஆர்.சி.யில் எழுதியிருக்கும். கடன் தீர்ந்தது என்று வங்கி கையெழுத்துப் போட்ட படிவம் 35 இல்லாமல் வாங்கக் கூடாது. பெயர் மாற்ற படிவம் 29, படிவம் 30 வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளில் தெரிவிக்க வேண்டும். "பிறகு மாத்திக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். இந்தக் காரில் கடன் இல்லை. இன்சூரன்ஸும் இல்லை.

அன்று இரவு மனைவி சீட்டு நோட்டின் பின்பக்கத்தில் கணக்கு எழுதினார்.

கார் 35,000
இன்ஜின் வேலை 32,000
டயர் நான்கு 11,000
பேட்டரி 4,000
பதிவு, வரி, அலைச்சல் 8,500
இன்சூரன்ஸ் 3,500
மொத்தம் 94,000

கையில் இருப்பது 60,000. மீதி 34,000-க்குக் கடன் வாங்க வேண்டும். இவ்வளவு செலவு செய்த பிறகு விற்றாலும் 94,000 கிடைக்குமா? கிடைக்காது. பழைய மாருதியின் விலைதான் கிடைக்கும்.

பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஆட்டோவுக்கு எவ்வளவும்மா ஆகுது?" என்று கேட்டார்.

மருமகள் அதையும் எழுதினார். ஒரு தடவைக்கு ஆட்டோ 900. காரில் போனால் பெட்ரோல் சுமார் 400. மிச்சம் 500. வருடத்துக்கு 24 தடவை. மிச்சம் 12,000. அப்படியானால் 94,000-ஐ மீட்க எட்டு வருடம் ஆகும், மாமா! பதிவு செல்வது ஐந்து வருடம்தான். நடுவில் வரும் ரிப்பேரை இதில் சேர்க்கவில்லை.

"காசு மட்டுமா கணக்கு? அந்த மழை ராத்திரி?" என்றார் மகன். அவர் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அவசரத்துக்கு வாசலில் வண்டி நிற்பது பெரிய தைரியம். ஆனால் எந்த வண்டி நிற்கிறது என்பதும் முக்கியம். இன்ஜின் பிரித்த கார் வாரக் கணக்கில் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். ஒரு சிலிண்டர் தளர்ந்த கார் மழை இரவில் ஸ்டார்ட் ஆகும் என்று யார் உறுதி சொல்வது? அன்றைய பதற்றத்தில் 108-க்குப் போன் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. ஆக்சிஜனும் இருக்கும். மருமகள் 108 என்று கொட்டை எழுத்தில் எழுதிப் பெரியவரின் கட்டிலுக்கு மேலே ஒட்டினார். அதன் கீழே பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர் இரண்டு பேரின் நம்பரையும் எழுதினார்.

இருந்தாலும் தையல்காரர் ஒரு முறை கேட்டுப் பார்த்தார். மெக்கானிக் சொல்லிக் கொடுத்த விலை 12,000. அந்த விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். பாடி நன்றாக இருக்கிறது. செலவெல்லாம் சேர்த்து 71,000-இல் நிற்கும். கடன் கொஞ்சம்தான்.

கடைக்காரர் சிரித்தார். "காயலான் கடைக்குப் போட்டாலே அதுக்கு மேல கிடைக்கும் தம்பி. இருபத்தெட்டுக்குக் குறைச்சு முடியாது."

இவரும் சண்டை போடவில்லை. டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பங்காருபேட்டையில் இன்னொரு மாருதி விலைக்கு வந்தது. 2012-இல் பதிவானது. விலை 65,000. புகை இல்லை என்றார்கள். தையல்காரர் கிளம்பும் முன்பு போன் செய்தார்.

"சார், நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு மெக்கானிக்கோட வர்றோம். ஆர்.சி.யை எடுத்து வெச்சிருங்க. நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க."