சாது என்று விற்கப்படும் பூனைகள்

பெர்ஷியன் சாது, சயாமீஸ் வாயாடி, பெங்காலுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது, ராக்டாலைத் தூக்கினால் கையிலேயே துவண்டு கிடக்கும், மெயின் கூன் பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும். பூனை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது இந்தப் பட்டியலைத்தான். விற்பவர்களும் இதைச் சொல்லித்தான் விலை பேசுகிறார்கள். பட்டியல் முழுக்கக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. இனத்துக்கு இனம் குணம் வேறுபடுவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆனால் இனத்தின் பெயர் அடித்துச் சொல்லக்கூடியது ரோமத்தையும் நிறத்தையும் முகவெட்டையும்தான். குணத்தைப் பற்றி அது சொல்வது ஒரு சராசரி. நம் வீட்டுக்கு வரப்போகும் அந்த ஒரு குட்டி எப்படி இருக்கும் என்பதை அதன் தாய் தகப்பனும், பிறந்த முதல் சில வாரங்களை அது யார் கையில் கழித்தது என்பதும் இன்னும் நெருக்கமாகச் சொல்லிவிடும். இதைக் கவனிக்காமல் பெயரை மட்டும் நம்பி வாங்கும் பழக்கத்துக்குச் சில இனங்களில் பூனைதான் விலை கொடுக்கிறது, தன் எலும்பிலும் மூச்சிலும்.

பூனை இனங்கள் எப்படி உருவாயின என்பதிலிருந்து தொடங்கலாம். சைப்ரஸ் தீவில் அகழ்ந்தெடுத்த ஒரு புதைகுழியில் மனித எலும்புக்கூட்டுக்கு அருகிலேயே ஒரு பூனையும் கிடத்தப்பட்டிருந்தது; அதன் வயது ஏறத்தாழ 9,500 ஆண்டுகள். அவ்வளவு பழைய உறவு இது. ஆனால் அந்த நெடுங்காலத்தில் பூனையிடம் மனிதன் எதிர்பார்த்த முக்கிய வேலை எலி பிடிப்பது ஒன்றுதான். அதற்காக யாரும் பூனையைப் பொறுக்கியெடுத்து இனம் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. நாயின் கதை வேறு. ஆடு மேய்க்க ஒன்று, வேட்டைக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று என்று நடத்தையைப் பார்த்தே தலைமுறை தலைமுறையாக நாயைத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். பூனையில் தேர்வு தொடங்கியதே 150 ஆண்டுகளுக்கு முன்புதான். 1871 ஜூலை 13 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் என்ற ஓவியர் ஒரு பெரிய பூனைக் கண்காட்சி நடத்தினார். எந்தப் பூனைக்கு எது அழகு என்று இலக்கணம் வகுத்தவரும் அவரே. பரிசு ரோமத்துக்கும் நிறத்துக்கும் உடல்வாகுக்கும் போயிற்று. அதன்பின் இனங்கள் பெருகியதும் பெரும்பாலும் இந்த அளவுகோலில்தான். பெயர்கூடப் பூர்வீகத்துக்கு உத்தரவாதமில்லை. லெஸ்லி லயன்ஸ் குழுவினர் உலகின் பல பகுதிப் பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2008-ல் வெளியிட்ட ஆய்வில், பெர்ஷியன் பூனை மேற்கு ஐரோப்பாவின் சாதாரணப் பூனைகளோடுதான் சேர்ந்து நின்றது, மேற்காசியப் பூனைகளோடு அல்ல. சயாமீஸோ தன் பெயருக்கேற்பத் தென்கிழக்கு ஆசியப் பூனைகளோடு சேர்ந்தது.

தோற்றமும் குணமும் ஒரே கட்டாக வருவதில்லை என்பதற்கு அந்தச் சயாமீஸே நல்ல உதாரணம். அதன் குட்டி பிறக்கும்போது வெள்ளையாகத்தான் இருக்கும். ரோமத்துக்குக் கருநிறம் ஊட்டும் நொதி ஒன்று அதன் உடம்பில் ஒரு மரபணு மாற்றத்தால் பழுதாகி, குளிர்ச்சியான இடத்தில் மட்டும் வேலை செய்கிறது. தாயின் கருப்பை வெதுவெதுப்பு. ஆகவே குட்டியில் நிறம் இல்லை. பிறந்து நாள்கள் செல்லச் செல்ல, உடம்பின் மற்றப் பாகங்களைவிடச் சூடு குறைந்த காது நுனி, மூக்கு, பாதம், வால் ஆகியவை மட்டும் கறுத்து வருகின்றன. இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு மரபணு. அதே மரபணு மாற்றம் ராக்டாலிலும் இருக்கிறது. 1930-களில் அமெரிக்காவில் சயாமீஸையும் பெர்ஷியனையும் கலந்து உருவாக்கத் தொடங்கிய ஹிமாலயன் பூனையிலும் இருக்கிறது. ஆனால் வாயாடி என்ற பெயர் சயாமீஸுக்கு மட்டுமே. மற்ற இரண்டையும் அமைதிக்காகத்தான் தேடி வாங்குகிறார்கள். நிறம் போன இடத்துக்கெல்லாம் குணம் கூடப் போகவில்லை. நிறத்தையோ ரோம நீளத்தையோ ஒரு மரபணு முடிவுசெய்துவிடும் என்பதால் சில தலைமுறைகளிலேயே அதை இனம் முழுவதிலும் நிலைநிறுத்திவிடலாம். கூச்சம், துணிச்சல், கோபம் போன்றவற்றில் பல மரபணுக்கள் சிறுகச் சிறுகப் பங்கு வகிக்கின்றன, வளர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. அவற்றை அப்படி நிலைநிறுத்த முடியாது.

அப்படியானால் இனத்துக்கும் குணத்துக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் ஹான்னெஸ் லோஹியின் குழு 5,726 பூனைகளைப் பற்றிய தகவல்களைத் திரட்டி 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மனிதரை நாடி வருவதில் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் கடைசியில் நின்றது. கோராட்டும் டெவன் ரெக்ஸும் முன்னால் நின்றன. அந்நியரைக் கண்டால் ஒதுங்குவதில் ரஷ்யன் ப்ளூ முதலிடம். சுறுசுறுப்பில் பெங்கால் முன்வரிசையில், ராக்டால் பின்வரிசையில். இவை எல்லாம் வளர்ப்பவர்கள் நிரப்பிக் கொடுத்த கேள்வித்தாளிலிருந்து வந்தவைதானே, சயாமீஸ் வாயாடி என்று கேட்டுப் பழகியவருக்கு அது கத்துவது மட்டும்தானே காதில் விழும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இனத்தோடு இனத்தை ஒப்பிடும்போது இந்தக் கோளாறு ஓரளவு கலந்துதான் இருக்கும். ஆனால் அந்தக் குழு இன்னொன்றும் செய்தது. மெயின் கூன், ராக்டால், டர்கிஷ் வேன் ஆகிய ஒவ்வொன்றுக்குள்ளும் வம்சாவளியை வைத்துக் கணக்கிட்டது. ஒரே இனத்துக்குள் எல்லாப் பூனைக்கும் பெயர் ஒன்று, வளர்ப்பவரின் எதிர்பார்ப்பும் ஒன்று. அப்படியிருந்தும் உறவு நெருங்க நெருங்கக் குணமும் நெருங்கி வந்தது. இனத்துக்குள் காணப்பட்ட குண வேறுபாட்டில் 40 முதல் 53 சதவீதம் வரை மரபுவழி வந்தது என்று மதிப்பிட்டார்கள். ஒரு பூனையின் குணத்தில் பாதி மரபணு என்று இதற்குப் பொருளல்ல. ஒரே இனத்துப் பூனைகள் தமக்குள்ளேயே கணிசமாக வேறுபடுகின்றன, அந்த வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி குடும்பவழி வருகிறது என்பதே பொருள். எனவே இனத்தின் பேரால் எடுத்துக்காட்டப்படும் இந்தச் சான்று, உண்மையில் தாய் தகப்பனைப் பார் என்றுதான் சொல்கிறது.

வேலைக்கென்றே இனம் சேர்க்கப்பட்ட நாய்களில்கூட நிலைமை இதுதான். 18,000-க்கும் அதிகமான நாய்களின் நடத்தை விவரங்களையும், அவற்றில் 2,000-க்கும் அதிகமானவற்றின் மரபணுக்களையும் வைத்து 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தால் விளக்க முடிகிறது என்றது. பெரும்பாலும் அழகுக்காகப் பிரிக்கப்பட்ட பூனை இனங்களில் இதைவிட அதிகம் எதிர்பார்க்க முகாந்திரம் இல்லை.

தகப்பனின் பங்கு எவ்வளவு என்பதை சாண்ட்ரா மெக்கியூன் 1995-ல் வெளியிட்ட பரிசோதனை தெளிவாகக் காட்டியது. மனிதரோடு நன்றாகப் பழகும் கடுவன்களுக்குப் பிறந்த குட்டிகள் ஒரு பக்கம், பழகாத கடுவன்களுக்குப் பிறந்தவை இன்னொரு பக்கம். இரு பக்கத்திலும் பாதிக் குட்டிகளை இரண்டாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை மனிதர்கள் எடுத்துக் கொஞ்சினார்கள், மீதியை விட்டுவிட்டார்கள். ஒரு வயதானபோது சோதித்தால், நல்ல தகப்பனுக்குப் பிறந்து மனிதக் கையில் வளர்ந்தவை ஆளைக் கண்டதும் வந்து உரசின. இரண்டும் வாய்க்காதவை ஒதுங்கின. தகப்பன் பூனை இந்தக் குட்டிகளை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எனவே அது கற்றுக்கொடுத்ததாகச் சொல்ல வழியில்லை. நல்ல தகப்பனின் குட்டிகள் மனிதரிடம் மட்டுமல்ல, முன்பின் பார்த்திராத ஒரு பொருளை வைத்தாலும் பயமில்லாமல் நெருங்கின. வழிவழியாக வந்தது துணிச்சல். மனிதரோடு பழகும் குணம் அதன்மேல் கட்டப்படுகிறது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980-களில் செய்த பரிசோதனைகள், இப்படிக் கட்டப்படும் காலம் குட்டியின் இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை என்று கண்டன. தினமும் 15 நிமிடம் மடியில் வைத்திருந்த குட்டியைவிட 40 நிமிடம் வைத்திருந்த குட்டி மனிதரிடம் விரைந்து வந்தது. எந்த இனமானாலும் இந்த ஐந்து வாரத்தைக் கூண்டுக்குள்ளேயே கழித்த குட்டிக்கு, பின்னால் எவ்வளவு செல்லம் கொடுத்தாலும் அந்த இழப்பை முழுதாக ஈடுகட்டுவது கடினம்.

அதற்காகச் சீக்கிரமே வாங்கிவந்து நாமே கொஞ்சி வளர்த்துவிடலாம் என்று நினைப்பதும் தவறு. அதே ஹெல்சிங்கி குழு 2017-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், எட்டு வாரத்துக்கு முன்பே தாயைவிட்டுப் பிரித்த பூனைகளிடம் மூர்க்கம் கூடுதலாக இருந்தது. 14 வாரம் வரை தாயோடு விட்டவற்றிடம், அளவுக்கு மீறி உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும் பழக்கம் 12 வாரத்தில் பிரித்தவற்றைவிடக் குறைவாக இருந்தது. தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி தெரிந்துகொள்கிறது. நம் ஊரில் ‘45 நாள் குட்டி’ என்று விளம்பரம் வருவது சாதாரணம். 45 நாள் என்பது ஏழு வாரம்கூட இல்லை. இப்படிப் பிரித்துக் கொண்டுவரப்பட்ட பெர்ஷியன் குட்டி கையைப் பிறாண்டினால், பெர்ஷியன் சாது என்றார்களே என்று விற்றவரைக் குறை சொல்கிறோம். குறை அந்த 45-இல் இருக்கிறது.

இனி சாது என்ற சொல்லுக்கே வருவோம். இந்தியச் சந்தையில் பெர்ஷியனை டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் ஃபேஸ் என்று தரம் பிரிக்கிறார்கள். முகம் தட்டையாகத் தட்டையாக விலை ஏறும். பஞ்ச் ஃபேஸ் பூனையை அருகில் வைத்துப் பாருங்கள். மூக்கு இரு கண்களுக்கும் நடுவே ஏறிப்போயிருக்கும். நாசித் துவாரம் கீறல்போல் ஒடுங்கியிருக்கும். கண்ணீர் வடியும் குழாய் மடங்கிப்போவதால், கண்ணின் உள்மூலையிலிருந்து கீழாகப் பழுப்புக் கறை படிந்திருக்கும். தூங்கும்போது மூச்சு சத்தமாக வரும். 2016-ல் வந்த ஓர் ஆய்வு, முகம் தட்டையாகும் அளவுக்கு மூச்சுக் கோளாறு கூடுவதையும், அப்படிப்பட்ட பூனைகள் ஓடியாடாமல் ஓரிடத்தில் கிடப்பதையும் பதிவுசெய்தது. ஓடினால் மூச்சு வாங்கும் பூனை ஓடாது. அதைத்தான் நாம் சாது என்கிறோம்.

ஸ்காட்டிஷ் ஃபோல்டு இதைவிடத் துயரமான விஷயம். 1961-ல் ஸ்காட்லாந்தின் ஒரு பண்ணையில் காணப்பட்ட சூசி என்ற வெள்ளைப் பூனையிலிருந்து வந்த இனம் அது. குட்டி பிறக்கும்போது காது நிமிர்ந்துதான் இருக்கும். மூன்றாம் வாரம் வாக்கில் முன்பக்கம் மடியும். மடிவதற்குக் காரணம் குருத்தெலும்பு பழுதாக உருவாவது. காதில் பழுதான அதே குருத்தெலும்புதான் கால் மூட்டுகளிலும் வாலிலும் இருக்கிறது. வால் விறைத்துப்போகும்; பாதங்கள் தடிக்கும்; தாண்டிக் குதிக்கத் தயங்கும். இதற்குக் காரணமான மரபணு 2016-ல் அடையாளம் காணப்பட்டது. பின்னங்காலை நீட்டி மனிதரைப்போல் உட்காரும் ஃபோல்டு பூனையின் படத்தை இணையத்தில் பார்த்து ரசிக்கிறோம். மூட்டு வலிக்கு இதம் தேடியும் பூனை அப்படி உட்காரும். நிமிர்ந்த காதுப் பூனையோடு இணைசேர்த்தால் ஆபத்தில்லை என்று இனவிருத்தி செய்பவர்கள் சொல்வதுண்டு. நோயின் கடுமை அதனால் குறையலாம், நோய் போகாது. தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தாலே காது மடிந்துவிடுகிறது, காது மடிந்தால் மற்றக் குருத்தெலும்பும் தப்பவில்லை என்றே பொருள். லாரன் ஃபிங்காவும் சக ஆய்வாளர்களும் 2020-ல் ஏராளமான பூனைப் படங்களை அளந்து பார்த்தபோது, பெர்ஷியன், ஸ்காட்டிஷ் ஃபோல்டு போன்றவை சாதாரணமாக இருக்கும்போதே அவற்றின் முகம் வலியில் இருக்கும் பூனையின் முகத்தை ஒத்திருந்தது. உண்மையிலேயே வலி வரும்போது அதை முகத்தில் கண்டுபிடிக்கும் வழியையும் நாம் அடைத்துவிட்டோம்.

ராக்டாலைப் பற்றிய கட்டுக்கதையையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். 1960-களில் கலிஃபோர்னியாவில் இந்த இனத்தை உருவாக்கிய ஆன் பேக்கர், தாய்ப்பூனை கார் விபத்தில் அடிபட்டதால் அதன் பிறகு பிறந்த குட்டிகளுக்கு வலி தெரியாது என்று சொல்லிவந்தார். விபத்தில் பட்ட அடி மரபணுவில் ஏறாது. ராக்டாலுக்கும் மற்றப் பூனையைப் போலவே வலிக்கும். பிள்ளைகள் கையில் பொம்மையாகக் கொடுத்துவிடக் கூடாது.

ஓர் இனத்தில் மட்டும் பெயர் சற்று அதிகம் சொல்கிறது. பெங்கால், ஆசியக் காடுகளில் வாழும் சிறுத்தைப்பூனையையும் வீட்டுப் பூனையையும் கலந்து உருவாக்கியது. அந்தச் சிறுத்தைப்பூனை நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழ்கிறது. கலப்பின் முதல் சில தலைமுறைகளில் காட்டு விலங்கின் அச்சம் வலுவாக இருக்கும். அவற்றை வீட்டில் வளர்க்கவே கூடாது. பல தலைமுறை தாண்டியவைகூட நாளெல்லாம் ஏறி இறங்க இடமும் விளையாட ஆளும் கேட்கும். காலையில் பூட்டிவிட்டு இரவில் திரும்பும் வீட்டுக்கு அது பொருந்தாது.

தாய் தகப்பனைப் பார்க்க வாய்ப்பில்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டால், வளர்ந்த பூனையைத் தத்தெடுப்பதே நல்ல வழி. இரண்டு வயதுப் பூனையின் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். காப்பகத்தில் அரைமணி நேரம் அதன் அருகில் உட்கார்ந்தாலே போதும். குட்டிதான் வேண்டும் என்றால், குட்டி பிறந்த வீட்டுக்கே போய்த் தாயைக் காட்டச் சொல்லுங்கள். தகப்பன் யார் என்று கேளுங்கள். குறைந்தது 12 வாரம் ஆகும்வரை அங்கேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள். பெர்ஷியன் என்றால் மூக்கு நன்றாகத் தெரியும் டால் ஃபேஸ் குட்டியாகப் பாருங்கள். அந்த இனத்தில் பரவலாக உள்ள பரம்பரைச் சிறுநீரக நோய்க்குப் பெற்றோரைச் சோதித்தார்களா என்றும் கேட்டுவிடுங்கள். காது மடிந்த குட்டியை மட்டும் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.