முன்கதையும் மறுவாசிப்பும்: ‘தி ஹங்கர் கேம்ஸ்’ புதின வரிசை

முன்னுரை

அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் படைத்த ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008), ‘கேட்சிங் ஃபயர்’ (2009), ‘மாக்கிங்ஜே’ (2010) ஆகியவை இளையோர்க்கான தீயுலகக் கற்பனைப் புதினங்களுள் பெரிதும் வாசிக்கப்பட்டவை. பானெம் என்னும் நாட்டின் 12 மாவட்டங்களிலிருந்து, 12 முதல் 18 வயது வரையிலான 24 பேர் ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் தெரிவு செய்யப்பட்டு, ஒருவர் எஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லப் பணிக்கப்படுகின்றனர். தலைநகர் அதனைத் தொலைக்காட்சியில் கண்டு களிக்கிறது. இக்கதையின் முடிவை முன்பே அறிந்த வாசகருக்கு முன்கதைகள் எதைத் தருகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உதவியின் தோற்றுவாய்

‘தி பேலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்நேக்ஸ்’ (2020) 64 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்கிறது. மூலக்கதையில் கொடுங்கோலராக விளங்கும் ஸ்நோ இதில் 18 வயது மாணவர். போட்டியைக் காண மக்கள் ஆர்வம் காட்டாத நிலையில், பார்வையாளர்கள் பந்தயம் கட்டவும் போட்டியாளருக்கு உணவு அனுப்பவும் வழிசெய்யும் திட்டத்தை அவரே எழுதி அளிக்கிறார். கதைத்தலைவி காட்னிஸ் தன்மையில் உரைக்கும் மூலக்கதைக்கு மாறாக, இப்புதினம் படர்க்கையில் அமைந்துள்ளது. ஸ்நோ தமக்குக் கற்பித்துக்கொள்ளும் நியாயங்களை வாசகர் விலகி நின்று எடைபோட இஃது இடமளிக்கிறது.

முதற்புதினத்தில் தீக்காயமுற்ற காட்னிஸுக்கு வான்குடையில் மருந்து வந்திறங்கும்போது வாசகர் ஆறுதல் கொள்கிறார். முன்கதையைக் கற்றபின் அம்மருந்து கருணையாக மட்டும் தோன்றுவதில்லை. பார்ப்போரைக் கொலையில் பங்காளராக்கும் ஏற்பாடாகவும் புலப்படுகிறது.

காட்சியும் உண்மையும்

‘சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்’ (2025) 50ஆவது போட்டியில் வென்ற ஹேமிட்சின் கதை. இப்போட்டியின் பதிவைக் காட்னிஸ் ‘கேட்சிங் ஃபயர்’ புதினத்தில் காண்கிறார். அவர்வழியே வாசகரும் அதனை நடந்தவாறே ஏற்கிறார். அப்பதிவு ஆட்சியாளரால் வெட்டி ஒட்டப்பட்டது என்பதை முன்கதை வெளிப்படுத்துகிறது. அணிவகுப்பில் இறந்த சிறுமியின் இடத்தில் வேறொரு சிறுமி நிறுத்தப்பட்டதும், போட்டிக்களத்தின் இயக்கத்தையே முடக்க ஹேமிட்ச் முயன்றதும் மறைக்கப்பட்டன. எதிர்த்துப் போராடிய இளைஞர் தன்னலம் மிக்கவராகச் சித்திரிக்கப்பட்டார்.

முடிவுரை

முன்கதைகள் மூலக்கதையின் இடைவெளிகளை நிரப்புவதோடு அமையாமல், முன்னர் வாசித்தவற்றின் பொருளையும் மாற்றுகின்றன. காட்னிஸின் பக்கம் நின்றதாக எண்ணிய வாசகர், தலைநகரின் பார்வையாளரைப் போலவே தாமும் காட்டப்பட்டதை நம்பியிருந்ததை உணர்கிறார். விரும்பிய நூலுக்குத் திரும்புதல் பழைய இன்பத்தை மீட்பதாக மட்டும் அமையாமல், பழைய நம்பிக்கையைச் சோதிப்பதாகவும் அமைவதே இம்முன்கதைகளின் பயன் எனலாம்.