கைரேகைக் கருவியும் நியாயவிலைக் கடையும்

டில்லியில் நியாயவிலைக் கடையின் தானியத்தைப் பெறும் உரிமையுடையோர் ஏறத்தாழ 72 லட்சம் பேர். 2018 ஜனவரியில் அந்நகரின் கடைகளில் ஆதார் கைரேகைக் கருவி நடைமுறைக்கு வந்தது. ஏப்ரலில் நிறுத்தி வைக்கப்பட்டது. 2021 ஜூலையில் அதே முறை திரும்பவும் வந்தது. இவ்விடைவெளியில் கருவியின் தத்துவம் மாறிவிடவில்லை. மாறியது அதனைச் சூழ்ந்திருந்த நிலைமையே ஆகும்.

கருவியின் வேலை எளியது. விரலை வைத்ததும், ரேகைகள் பிரியும் இடங்களையும் முடியும் இடங்களையும் அது கண்டறிந்து, செல்பேசி அலை வழியே ஆதார் ஆணையத்தின் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. பதிவிலுள்ள ரேகையுடன் ஒப்பிட்டபின், பொருந்தியதா இல்லையா என்னும் விடை சில விநாடிகளில் திரும்பும். விரல், அலை, பதிவேடு ஆகிய மூன்றில் எது தவறினும் தானியம் கைக்கு வராது. சிமெண்டிலுள்ள காரம் கொத்துவேலையாளின் தோலை அரித்து ரேகையை மழுக்கிவிடும். முதுமையிலும் ரேகை மங்கும். கட்டட வேலையாட்கள் நிறைந்த தலைநகரில் இது சிறு குறையன்று. விரல் பொருந்தவில்லை என்பதற்காகத் தானியத்தை மறுக்கலாகாது என மத்திய அரசாங்கம் 2017 அக்டோபரிலேயே அறிவுறுத்தியிருந்தது. ஆயின் அவ்விதியை நிறைவேற்ற வேண்டியவர் கடைக்காரரே அன்றோ! புகார்கள் பெருகவே, டில்லி அரசாங்கம் முறையை நிறுத்தி வைத்தது.

தமிழ்நாட்டில் 2017இல் மின்னணு அட்டை வந்தபோது, வீட்டார் எவரேனும் அதனைக் காட்டினாலே போதுமானதாயிருந்தது. கைரேகை 2020 அக்டோபரில்தான் சேர்ந்தது. அங்குப் பெரும்பாலான கடைகளை நடத்துவன கூட்டுறவுச் சங்கங்கள். டில்லிக் கடைகளோ உரிமம் பெற்ற தனியார் வசம் உள்ளவை. அங்குப் போலி அட்டையைப் பற்றிய ஐயம் மிகுதி. அவ்வையத்திற்குக் கருவி ஓரளவே மருந்தாகும். அது ஆளை அறியுமேயன்றி எடையை அறியாது. 5 கிலோவுக்கு 4 கிலோ நிறுப்பதை அதனால் தடுக்க இயலாது.

2021 ஜூன் 29ஆம் நாள், 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை'த் திட்டத்தை ஜூலை 31க்குள் எல்லா மாநிலங்களும் நிறைவேற்ற வேண்டுமென உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பீகாரில் பதிவான அட்டைக்கு டில்லியில் தானியம் வழங்க வேண்டுமாயின், அங்குள்ள கணக்கை இங்கிருந்தே காணவல்ல கருவி இன்றியமையாதது. 2018இல் தடையாகத் தோன்றிய பொறியே வெளிமாநிலத் தொழிலாளிக்கு வாயிலாயிற்று. எனினும் சிமெண்டில் தேய்ந்த விரல் அவருடையதே. உள்ளூர்க் குடும்பத்தில் ஒருவர் விரல் பொருந்தாவிடில் மற்றொருவர் வைக்கலாம். தனியே பிழைக்க வந்தவருக்கு அவ்வசதி இல்லை.