மூவெட் தேர்வு: மலாய் தெரிந்தால் ஆங்கிலச் சொற்கள் சுலபமா?

உலு திராமில் தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் படித்த மாணவருக்கு எஸ்.பி.எம். தாண்டியதும் அடுத்த கவலை மூவெட். அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க இந்த ஆங்கிலத் தேர்வு வேணும். 2021 முதல் மொத்தம் 360 புள்ளிகள். பேண்ட் 5 எடுத்தால் ஐரோப்பிய அளவுகோலில் சி1 நிலை.

கஷ்டமான சொற்களுக்குப் பலர் அகராதியையே மனப்பாடம் செய்யப் பார்க்கிறாங்க. முதலில் கைவசம் இருக்கும் மலாயைப் பாருங்க. 'இன்ஃப்லாசி', 'மோத்திவாசி', 'எவோலுசி' தெரியும்தானே? கடைசி 'சி'யை 'ஷன்' ஆக்கினால் இன்ஃப்ளேஷன், மோட்டிவேஷன், எவல்யூஷன். பொருள் ஏற்கனவே தெரிந்ததுதான். எழுத்தும் உச்சரிப்பும்தான் புதுசு.

ஆனால், எல்லா இடத்திலும் இது கைகொடுக்காது. 'போலிசி' ஆங்கிலத்தில் பாலிசி. 'ஹந்தார்' என்றால் 'சென்ட்' என்று நினைத்து, அம்மாவை விமான நிலையத்துக்கு 'சென்ட்' செய்தேன் என எழுதினால், பார்சலில் அனுப்பிய மாதிரி ஆகிடும்! அங்கே 'டேக்' தான் சரி.

அதனால் சொல்லைத் தனியாக எழுதாதீங்க. முழு வாக்கியமாக எழுதி, மறுநாளும் அடுத்த வாரமும் பார்க்காமல் சொல்லிப் பாருங்க. நினைவில் வந்தால், அந்தச் சொல் உங்களுடையது.