கபாலம் திறந்த பின் கேட்கும் ஒலி

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் ஸ்கேன் யந்திரத்தை ஜனங்கள் பெரும்பாலும் கர்ப்பிணிகளின் வைத்தியத்தோடு சேர்த்தே அறிவார்கள். சிசு ஆணா பெண்ணா என்று பார்க்க அதைப் பிரயோகிக்கலாகாதென்று 1994-இல் சட்டம் இயற்றப்பட்ட பிறகும், 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு அரியலூரில் 897 பெண் குழந்தைகளும் பெரம்பலூரில் 913 பெண் குழந்தைகளுமே இருந்தனர் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. இக்குறைவுக்கு யந்திரம் ஒன்றே காரணமன்று. ஆயினும் அதன்மீது ஒரு பழி விழுந்துவிட்டது. அதே யந்திரம், மூளைக் கட்டியை அகற்றும் சத்திர சிகிச்சையில் வைத்தியருக்கு வழிகாட்டியாக நிற்கும் உத்தமமான காரியத்தையும் செய்கிறது.

அந்த ஸ்கேன் யந்திரம் ஒலியைக் கொண்டு படம் காட்டுவது. மனிதச் செவிக்கு எட்டுவது வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரைதான். வைத்தியத்தில் பயன்படுவதோ பல பத்து லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலி. அது உடலுக்குள் சென்று, தசைக்கும் நீருக்கும் கட்டிக்கும் இடையிலுள்ள எல்லைகளில் பட்டுத் திரும்புகையில் திரையில் சித்திரமாகிறது. ஆனால் எலும்பு அதற்குப் பெருந்தடை. வியன்னாவின் கார்ல் டுசிக் என்ற மருத்துவர், தலையின் ஊடே ஒலியைச் செலுத்தி மூளையின் நீர்க்குழிகளைக் கண்டதாக 1942-இல் எழுதினார். அவர் கண்டது பெரும்பாலும் கபாலத்தின் நிழலே என்பது 1950-களில் தெளிவாயிற்று. ஆகவே, வளர்ந்தவர்களின் மூளைக் கட்டியை நோக்க, கபாலம் திறக்கப்படும் வரை ஒலி காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் அது மிகவும் தேவைப்படுகிறது. சிகிச்சைக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தைக் கணினியில் ஏற்றி, கட்டியின் ஸ்தானத்தை நிர்ணயித்துக்கொண்டே நிபுணர் கத்தியை எடுக்கிறார். ஆனால் எலும்பை நீக்கி, உறையைப் பிளந்து, மூளையைச் சூழ்ந்த நீர் வடிந்து, கட்டியின் ஒரு பகுதியும் வெளிவந்ததும், மூளை தன் இடத்தை விட்டு நகர்ந்துவிடுகிறது. சில வேளை ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நகர்வதுண்டு. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து மணல்திட்டுகள் இடம் மாறிய பின் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்குவது எவ்வளவு ஆபத்தோ, அவ்வளவு ஆபத்து அந்தப் பழைய படத்தை மட்டும் நம்புவது. பேச்சையும் கைகால் அசைவையும் ஆளும் பகுதிகள் அந்தச் சிறு தூரத்துக்குள்ளேயே இருக்கக்கூடும்.

சுத்திகரித்த உறையிட்ட சிறு கருவியை மூளையின் மேல் வைத்து, உப்புநீர் வார்த்து, நிபுணர் அந்தக் கணத்து நிலையைத் திரையில் காண்கிறார். பல கட்டிகள் சுற்றுப்புறத்தைவிட வெண்மையாகவும், நீர் நிறைந்த பைகள் கருமையாகவும் தெரியும்; ரத்தக் குழாய்களின் ஓட்டத்தையும் காணலாம். வேண்டும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்யலாம் என்பதே விசேஷம். பம்பாயின் டாடா மெமோரியல் மருத்துவமனையில் டாக்டர் அலிஅஸ்கர் மோய்யாதி குழுவினர், இச்சித்திரத்தை முப்பரிமாணத்தில் அமைத்து வழிகாட்டும் கருவியோடு இணைத்துப் பல காலமாகச் சிகிச்சை செய்து எழுதியும் வந்திருக்கின்றனர். குறையும் உண்டு: கட்டி எடுத்த குழியில் தங்கும் ரத்தமும் நீரும் பொய்யான வெண்மையைக் காட்டி, மிச்சம் இருப்பதுபோல் மயக்கும். அதைப் பிரித்தறியப் பழகிய கண் வேண்டும்.

சத்திர சிகிச்சை அறைக்குள்ளேயே எம்.ஆர்.ஐ. வைக்கலாம்தான்; ஆனால் அதற்குக் கோடிக்கணக்கில் பணமும், தனிக் கட்டடமும், காந்தத்தால் ஈர்க்கப்படாத உபகரணங்களும் வேண்டும். 1949-இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னையில் பி. ராமமூர்த்தியும் நரம்பு சத்திர சிகிச்சையைத் தொடங்கிவைத்த தமிழ்நாட்டில், 2022-இல் அரியலூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய கல்லூரிகளுக்குச் சாத்தியமான வழி ஒலிதான் என்பது என் துணிபு; கருவியோடு பயிற்சியையும் அளிப்பது அரசின் கடமை.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடியற்காலைத் தலைவலியும் வாந்தியும் விடாமல் தொடர்ந்தாலோ, வளர்ந்தவருக்கு முதன்முறையாக வலிப்பு வந்தாலோ, கையில் இரும்புச் சாவியைக் கொடுத்துவிட்டு நாளைக் கடத்தாதீர்கள். நோயுற்றவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று தலைக்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கச் செய்யுங்கள்.