பெட்டகம் இருக்கிறது, வீட்டாருக்குத் தெரியுமா?

மும்பை: தாராவியின் ஒற்றை அறை வீடுகளில், மகள் கல்யாணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த தங்கக் காசுகள் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடப்பதுண்டு. ஊருக்கு ரயிலேறினால் அந்தப் பூட்டை நினைத்தே தூக்கம் வராது.

வங்கிப் பெட்டகமோ, வங்கியின் சாவியும் வாடிக்கையாளரின் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது. அதற்கு வங்கி இன்ஷூரன்ஸ் செய்வதுமில்லை. திருட்டு, தீ, ஊழியர் மோசடியால் பொருள் போனால், 2022 ஜனவரி 1 முதல் அமலான ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்குதான் பொறுப்பு. வாடகை ரூ.2,000 என்றால் ரூ.2 லட்சம்.

நாமினி பெயர் கொடுக்காமல் குடும்பத் தலைவர் கண்மூடினால், ஊரிலுள்ள மனைவி வாரிசுச் சான்றுகளுக்கு அலைய நேரும். பெயரை இன்றே பதிவதும், பெட்டகம் எந்தக் கிளையில் என்று வீட்டாரிடம் சொல்லி வைப்பதும் நல்லது.