கொட்டியாரக் கரையிலிருந்து யாருக்கு எழுதுவது?

தமிழ் நாவலின் தொடக்க காலத்திலேயே திருகோணமலைக்காரர் இருவர் களத்தில் இருந்தார்கள். எஸ். இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891இல் வந்தது. தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இல் சென்னையில் அச்சேறியது. முன்னது ஐரோப்பிய அரச கதை. பின்னது நாயக்கர் காலக் காதல். எங்கள் துறைமுகம் இரண்டுக்குமே களமில்லை. கதை என்றால் ராசாவும் ராணியும் வேண்டும் என்றிருந்த வாசகருக்குத்தான் இருவரும் எழுதினார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த வாசகர் அதோடு விடுவதில்லை. 1919இல் 'மோகனாங்கி' சுருக்கப்பட்டு வந்தபோது அதன் பெயர் 'சொக்கநாத நாயக்கர்'. ஆசிரியர் அப்போது உயிரோடு இல்லை. 1892இலேயே 'தத்தை விடு தூது' எழுதிப் பெண் விடுதலை பேசியவர் அவர். அவருடைய நாயகியை அட்டையிலிருந்து இறக்கிவிட்டு மன்னனை ஏற்றினார்கள். வாசகருக்கு வளைந்து கொடுக்கத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

கொட்டியாரக் கரையிலுள்ள மூதூரின் எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம் வேறு வழியில் போனார். ஆசிரியத் தொழில் பார்த்துக்கொண்டே தன் கரையை எழுதினார். சொந்தத் தோணிக்கு ஏங்கும் ஒரு மீனவப் பையனின் மனசை அவர் 'தோணி' கதையில் வைத்தார். வெளியூர் வாசகருக்குப் புரியுமா என்று தயங்கியிருந்தால் அந்தக் கதை பிறந்திருக்காது. அவர் தனக்காக எழுதினார். வாசகர் தேடி வந்தார்.

வாசிக்க ஆளில்லாத புத்தகம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கட்டும்.

என் கவலை இன்றைய பிள்ளைகளைப் பற்றியது. மூதூரிலும் கிண்ணியாவிலும் நன்றாக எழுதுகிறார்கள். கதை முடிந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இதை எந்தப் போட்டிக்கு அனுப்பலாம்?" என்பதுதான். முடிவுத் திகதி நெருங்க நெருங்கக் கதையில் ஒரு சாவு கூடிவிடுகிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் எங்களிடம் போர்க்கதைதான் கேட்பார்கள் என்று இந்தப் பிள்ளைகளே முடிவுகட்டி விடுகிறார்கள். பட்ட துயரத்தை எழுதத்தான் வேண்டும். நடுவர்களுக்காக அதைக் கூட்டி எழுதுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அண்மையில் ஒரு தங்கச்சி கையெழுத்துப் பிரதி கொண்டுவந்தாள். கரைவலை இழுக்கும் காட்சியில் இரண்டு பக்கம் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. மடி கரையேறும் நேரம், சம்மாட்டி எட்டி நின்று மீனை மதிப்பிடுகிறார். கயிறு அறுத்த உள்ளங்கையை வாப்பா சாரத்தில் துடைக்கிறார். ஏன் அடித்தாய் என்று கேட்டேன். "நடுவர்மாருக்கு இதெல்லாம் விளங்காது சேர்" என்றாள். கதையே அதுதான், திரும்பச் சேர் என்றேன். திகதிக்குள் முடியாதே என்றாள். இந்த முறை அனுப்பாமல் விடு என்று சொல்லி அனுப்பினேன்.